எட்டு வினாடி

ஜனவரி 8

அன்புள்ள துரைக்கு,

அக்கா எழுதுகிறேன். அப்பாவும் நானும் சௌக்கியம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கப் போவதில்லை. டிவியில் உன் கன்னத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடுகிறது.

உன்னை மருத்துவச் செய்திக்கு மாற்றியதிலிருந்து அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, ஊர்ப்பட்ட பேரை மேலே ஏற்றிவிட்டு, ஒருத்தர்கூடப் பேர் கேட்காத மனுஷன். இப்போது மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்களை எல்லாம் நிறுத்தி வைத்து, "நம்ம பையன்தான் இப்ப ஆஸ்பத்திரி விஷயமெல்லாம் பார்த்துக்கிறான்" என்கிறார். கேட்பவர்கள் நீ டாக்டருக்குப் படித்துவிட்டாய் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவரும் திருத்துவதில்லை.

மற்றபடி மாத்திரைச் சண்டைதான். நெஞ்சில் செயற்கை வால்வு வைத்து ஆறு வருஷம் ஆகிறது. இன்னும் தினமும் அந்த ஒரு மாத்திரையை அவர் வாயில் போட வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. ரத்தம் உறையாமல் இருக்க அது ஒன்றுதான் காவல், விட்டால் ஆள் இல்லை என்று டாக்டர் சொன்னபோது நீயும்தான் பக்கத்தில் நின்றாய். மாதாமாதம் ரத்தம் எடுக்கப் போவது அவருக்கு அதைவிடக் கசப்பு. "கொசுகூட என்கிட்ட இவ்வளவு எடுக்காது" என்கிறார்.

ஒன்று கேட்க வேண்டும். டாக்டர்கள் பேசும்போது நடுநடுவே உன்னைக் காட்டுகிறார்களே, அவ்வளவு பொறுமையாகத் தலையாட்ட எங்கே கற்றுக்கொண்டாய்? வீட்டில் நான் சொன்ன எதற்கும் நீ ஒரு தடவைகூட ஆட்டியதில்லை. அப்பா அதைத்தான் ரசித்துப் பார்க்கிறார். "சின்ன வயசுலேர்ந்தே எதையும் லேசுல ஒத்துக்காத பய. இப்ப பாரு, விஷயம் சரியா இருந்தாத்தான் ஆட்டுறான்" என்றார்.

போன் செய்யாதே, கடிதமே எழுது. போனில் நீ செய்தி வாசிப்பது போலப் பேசுகிறாய். நாளெல்லாம் நீதிமன்ற ஆவண அறையில் ஊர்க் கடிதங்களை அடுக்குகிற எனக்கு, எனக்கென்று ஒரு கடிதம் வருவது பிடித்திருக்கிறது.

உன் அக்கா

ஜனவரி 21

அன்புள்ள அக்கா,

உன் கேலியோடு வந்த கடிதம் கிடைத்தது. கன்னம் சதை அல்ல, மேக்கப். இங்கே எனக்கு வேலையும் இருமலும் சம அளவில் இருக்கின்றன.

தலையாட்டும் ரகசியத்தைச் சொல்கிறேன், வெளியே விடாதே. எங்களிடம் ஒரே ஒரு கேமராதான். பேட்டி முழுக்க அது டாக்டரையே பார்த்துக்கொண்டிருக்கும். முடிந்ததும் டாக்டர் எழுந்து போய்விடுவார். அதற்குப் பிறகு கேமராவை என் பக்கம் திருப்பி, காலி நாற்காலியைப் பார்த்து என்னைத் தலையாட்டச் சொல்வார்கள். "கொஞ்சம் கவலையா ஆட்டுங்க சார், இப்பக் கொஞ்சம் ஆச்சரியமா" என்று கேமராமேன் சொல்லச் சொல்ல ஆட்டுவேன். டாக்டர் பேச்சை வெட்டி ஒட்டும் இடத்தில் படம் துள்ளும். அங்கே என் தலையைச் செருகிவிட்டால் வெட்டியது யாருக்கும் தெரியாது. ஒட்டுத் துணி வேலைதான்.

அப்பாவிடம் இதைச் சொல்லாதே. மனுஷன் நொந்துபோவார்.

அன்புடன்,
துரை

மார்ச் 3

அக்கா,

அவசரத்தில் நான்கு வரி. நலம். வரும் 14ஆம் தேதி ஏழரை மணிக்கு இதய நோய் பற்றி என் முதல் சிறப்பு நிகழ்ச்சி. பெரிய இதய டாக்டர் ஒருவரை மூன்று மாதம் துரத்திப் பிடித்திருக்கிறேன். இது தேறினால் தனி மருத்துவப் பிரிவே வரும், நான்தான் தலைவர். தேறாவிட்டால் மறுபடி போக்குவரத்து நெரிசல் செய்திதான். அப்பாவை முன்வரிசையில் உட்கார வை.

துரை

மார்ச் 17

அன்புள்ள துரைக்கு,

எல்லோரும் நலம். உன் இருமல் திரையில் தெரியவில்லை.

முன்வரிசை என்ன, வீடே தியேட்டர் ஆகிவிட்டது. கீழ்வீட்டு டெய்லர் குடும்பத்தோடு வந்திருந்தார். என்னைப் பார்த்து "சத்தம் போடாதம்மா" என்று அப்பா நாலு தடவை சொன்னார், நான் வாயே திறக்கவில்லை. ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையைப் பலர் ஆயுசு முழுக்கத் தேவையில்லாமல் விழுங்குகிறார்கள், இதயம் சீராகத் துடித்தால் நிறுத்திவிடலாம் என்று அந்த டாக்டர் சொன்னாரே, அங்கே உன் முகத்தைக் காட்டினார்கள். நீ ரொம்ப யோசித்து, இரண்டு தடவை ஆட்டினாய். அப்பா உடனே டெய்லர் பக்கம் திரும்பி, "பார்த்தீங்களா, அவனே ஆட்டிட்டான்" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்பைப் பார்ப்பது போல எழுந்து போய்விட்டேன். நீ சொல்லாதே என்றதைச் சொல்லவில்லை.

இந்த மாதம் ரத்தம் எடுக்க வரமாட்டேன் என்று அடம் பிடிக்கிறார். அடுத்த மாதம் இழுத்துக்கொண்டு போகிறேன். ஆனால் மாத்திரைக்குச் சண்டை போடுவதில்லை. நீட்டினால் வாங்கிக்கொள்கிறார். உன் நிகழ்ச்சியின் மகிமைதான் போலிருக்கிறது.

உன் அக்கா

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கும் அப்பாவுக்கும்,

சௌக்கியமா? எனக்கு இருமல் போய்விட்டது, தூக்கமும் போய்விட்டது. நிகழ்ச்சி நாங்கள் நினைத்ததைப் போல மூன்று மடங்கு பேர் பார்த்திருக்கிறார்கள். மூட்டை மூட்டையாகக் கடிதம். தனிப் பிரிவு வந்துவிட்டது, எனக்குக் கண்ணாடி அறை, என் கீழே பன்னிரண்டு பேர். ஜூன் 6 அன்று அதே நிகழ்ச்சியை மறுபடி போடுகிறார்கள், இந்தத் தடவை எல்லா மாநிலங்களுக்கும்.

அப்பாவிடம் சொல், பெயர்ப்பலகையில் என் பெயரை எழுதிவிட்டார்கள். பதில் உடனே வேண்டும்.

துரை

மே 2

அன்புள்ள துரைக்கு,

உன் கடிதமும், பிறகு வந்த இரண்டு கார்டுகளும் கிடைத்தன. போனில் ஏதோ கோளாறு, அதனால்தான் மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கும். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆவண அறையில் வேலை அதிகம்.

அப்பா இருக்கிறார். உனக்குப் பதவி கிடைத்ததைப் படித்துக் காட்டினேன், கேட்டுக்கொண்டார். கையில் கொஞ்சம் பிரச்சினை, அதனால் அவர் எழுதவில்லை. நீ இப்போது வர வேண்டாம், புதுப் பொறுப்பை விட்டுவிட்டு வருவது சரியில்லை.

ஒரு சந்தேகம். அந்த டாக்டர் உன்னிடம் சொன்னது எல்லாமே நிகழ்ச்சியில் வந்ததா?

அக்கா

மே 12

அன்புள்ள அக்கா,

என்ன இப்படித் தந்தி மாதிரி எழுதுகிறாய்? அப்பா கைக்கு எண்ணெய் தேய்த்து விடு, ஸ்பானர் பிடித்த கை அல்லவா, வயசானால் வலிக்கத்தான் செய்யும். உனக்கு உடம்பு சரிதானே?

உன் சந்தேகம் எனக்குப் பிடித்திருக்கிறது. எல்லாம் எப்படி வரும்? அந்த மனுஷன் நாற்பது நிமிஷம் பேசினார், நாங்கள் போட்டது ஆறு நிமிஷம். கடைசி நாள் எடிட்டிங் அறையில் எட்டு வினாடி அதிகமாக நின்றது. மாத்திரையை நிறுத்தலாம் என்று சொன்ன மூச்சிலேயே, "ஆனால் செயற்கை வால்வு வைத்தவர்கள் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தார். எடிட்டிங் செய்யும் பெண் "இதை வைக்கலாம் சார்" என்று முனகினாள். வால்வுக்காரர்களுக்கு அவரவர் டாக்டர் சொல்லியிருப்பாரே, நம் அப்பாவுக்குத் தெரியாதா என்ன என்று நான்தான் எடுக்கச் சொன்னேன். அந்த இடத்தில் என் தலையை வைத்து ஒட்டினோம். சேர்ந்த இடமே தெரியவில்லை. தலையாட்டக் கற்றுக்கொடுத்த கேமராமேனே கை தட்டினார்.

ஏன் கேட்டாய்?

துரை

மே 18

துரை,

ஜூன் 6 அன்று அந்த நிகழ்ச்சியை மறுபடி போடாதே. போட்டால் அந்த வாக்கியத்தோடு போடு. காரணம் கேட்காதே, அக்காவுக்காகச் செய்.

அக்கா

மே 26

அக்கா,

உடம்பு நலமா என்று கேட்கக்கூட எனக்கு இப்போது பொறுமை இல்லை. காரணம் கேட்காமல் எப்படி? சேனலின் தலைமை ஆசிரியரிடம் போய் "அக்கா வேண்டாங்குறாங்க" என்று சொல்லட்டுமா? பன்னிரண்டு பேர் என் முகத்தைப் பார்க்கிறார்கள். ஒரு மாதமாக விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது. நீ ஆவண அறையில் தூசி தட்டுகிற நிதானத்தில் செய்தி ஓடாது.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள். ஆனால் காரணத்தைச் சொல்.

துரை

ஜூன் 1

துரை,

கேட்டுவிட்டாய், எழுதுகிறேன். தேதி வாரியாகச் சொன்னால்தான் எனக்கு எழுத வருகிறது.

மார்ச் 14 இரவு அப்பா உன் நிகழ்ச்சியைப் பார்த்தார். மறுநாளிலிருந்து மாத்திரை சாப்பிடவில்லை. நான் நீட்டுவேன், வாங்கி வாயில் போட்டுக்கொள்வார், நான் சமையலறைக்குத் திரும்பியதும் எடுத்துத் தன் பழைய திருகாணி டப்பாவில் போட்டுவிடுவார். ஏப்ரல் 11 காலையில் முகம் கழுவப் போனவர் குளியலறையில் விழுந்தார். வால்வில் ரத்தம் உறைந்து, கட்டி உடைந்து, மூளைக்குப் போய்விட்டது. வலது பக்கம் முழுக்கச் செயல் இல்லை. பேச்சு இல்லை. இத்தனை நாளும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். நான் உனக்கு எழுதியதும் அவர் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துதான். டப்பாவில் இருபத்தேழு மாத்திரை இருந்தது. உப்புப் போல எச்சிலில் கரைந்து ஒட்டிக்கொண்டிருந்தன.

ஏன் என்று எனக்குப் புரியவில்லை. டெய்லர்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துச் சொன்னார். அப்பா அவரிடம் சொன்னாராம்: "டாக்டர் சொன்னா நான் நம்பமாட்டேன்யா, அவங்க ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. எம்பையன் தலையாட்டினான் பாருங்க, அதுக்கப்புறம் எனக்கு என்ன? பொண்ணுகிட்டச் சொன்னா சத்தம் போடுவா, அதான் சொல்லல."

நீ ஆட்டியது காலி நாற்காலிக்கு என்று எனக்கு ஜனவரியிலிருந்தே தெரியும். சிரித்துக்கொண்டு எழுந்து போனேன். அந்த ஒரு வார்த்தையை அன்றைக்கே சொல்லியிருந்தால், "போடா திருட்டுப் பய" என்று உன்னைத் திட்டிவிட்டு மாத்திரையைப் போட்டிருப்பார். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உனக்கு ஏன் அப்போதே எழுதவில்லை என்று கேட்பாய். எழுத உட்கார்ந்தேன். அப்பா இடது கையால் என் பேனாவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. உன் ஏப்ரல் கடிதம் தலையணையில் கிடந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது. போனில் பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று வீட்டுப் போனின் ஒயரைப் பிடுங்கிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

இப்போது அவர் பேச்சைக் கேட்கப் போவதில்லை. இதே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள். 6ஆம் தேதிக்கு முன்னால் இது உன் கைக்கு வர வேண்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன்.

அக்கா

ஜூன் 8

அக்கா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. உன் கடிதம் 4ஆம் தேதியே வந்துவிட்டது. பொய் சொல்ல விரும்பவில்லை.

கண்ணாடி அறையில் அழக்கூட முடியாது, வெளியே எல்லோருக்கும் தெரியும். கழிவறையில் போய் அழுதேன். பிறகு தலைமை ஆசிரியரிடம் போனேன். அந்த எட்டு வினாடியைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்றேன். மூல டேப்பில் ஏப்ரலிலேயே வேறு எதையோ பதிவு செய்துவிட்டார்களாம். அப்படியானால் நானே தோன்றிச் சொல்கிறேன் என்றேன். அவர் கதவைச் சாத்தினார். "சொல்லுங்க, தாராளமாச் சொல்லுங்க. நாளைக்கே அந்த டாக்டர் கேஸ் போடுவாரு, பிரிவை மூடுவாங்க, பன்னெண்டு பேரு வீட்டுக்குப் போவாங்க. உங்க அப்பா எழுந்து நடப்பாரா?" என்றார். கடைசியில், நிகழ்ச்சி முடிந்ததும் "மருத்துவரின் ஆலோசனை பெறவும்" என்று ஒரு வரி ஓட்டுவதாகச் சொன்னார். மூன்று வினாடி. நான் சரி என்றேன்.

6ஆம் தேதி நிகழ்ச்சி போயிற்று.

ஏப்ரலில் நீ சொல்லியிருந்தால் அந்த டேப் இருந்திருக்கும் என்பதையும் நினைத்துப் பார். எல்லாப் பாரத்தையும் என் தலையில் மட்டும் இறக்கிவைக்காதே.

15ஆம் தேதி வருகிறேன். அப்பாவை இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றலாம், எனக்கு இப்போது எல்லா டாக்டரையும் தெரியும். ஒன்று மட்டும் செய். மே 12 அன்று நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. ஏதோ குஷியில் எழுதியது.

துரை

ஜூன் 30

அன்புள்ள துரைக்கு,

அப்பா நீ பார்த்தபடியேதான் இருக்கிறார். நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும் என்று இன்னமும் நினைக்கிறேன், அதில் மாற்றம் இல்லை.

நீ ஒன்றரை நாள் இருந்தாய். அப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், அவர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ மாற்ற நினைத்ததை, பயணம் தாங்கமாட்டார் என்று இங்குள்ள டாக்டர் தடுத்துவிட்டார். கிளம்பும்போது நர்ஸுகள் உன்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நீ சிரித்தாய். பழக்கத்தில் வந்த சிரிப்புதான், எனக்குத் தெரியும். கடிதத்தைக் கிழித்தாயா என்று வாசலில் கேட்டாய். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன்.

நீ போன மூன்றாம் நாள், 19ஆம் தேதி, அப்பாவுக்கு எதிர்க் கட்டிலில் ஒரு பஸ் கண்டக்டரைக் கொண்டுவந்து போட்டார்கள். நாற்பத்தொரு வயசு. வால்வு மாற்றி இரண்டு வருஷம் ஆகிறதாம். அப்பாவுக்கு வந்ததேதான் அவருக்கும். அவர் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உன் நிகழ்ச்சியைப் பார்த்த மறுநாளே மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். "கடைசியில ஏதோ எழுத்து ஓடுச்சுக்கா, படிக்கிறதுக்குள்ள போயிருச்சு" என்றாள். அவளுக்கு அந்த நிகழ்ச்சி மேல் துளிக் கோபம் இல்லை. நான் உன் அக்கா என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கக்கா, இனி என்ன செய்யலாம்னு. அவருக்கு எல்லாம் தெரியுமில்ல" என்றாள்.

நான் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். வேறு என்ன சொல்வது? 21ஆம் தேதி அவர் இறந்துபோனார்.

ஏப்ரலில் நான் சொல்லியிருக்க வேண்டும் என்று எழுதினாய். உண்மைதான். நான் அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் அந்தக் கண்டக்டர் இன்று பஸ்ஸில் நின்றுகொண்டிருப்பார். உன் மேல் பாரத்தை இறக்கிவைக்கிறேன் என்று நினைக்காதே, என் பங்கை நான் எடுத்துக்கொண்டேன். ஆனால் ஜூன் 4ஆம் தேதி உனக்குத் தெரிந்துவிட்டது, 6ஆம் தேதிக்கு இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளை நான் எப்படிச் சுற்றிப் பார்த்தாலும் அது உன்னுடையதாகத்தான் இருக்கிறது.

டேப் அழிந்துவிட்டது. அந்த டாக்டர் அந்த வாக்கியத்தைச் சொன்னார், நீங்கள் தெரிந்தே எடுத்தீர்கள் என்பதற்கு இந்த உலகத்தில் மிச்சமிருப்பது உன் மே 12 கடிதம் ஒன்றுதான். இருபது வருஷம் ஆவண அறையில் இருந்தவளிடம் ஒரு காகிதத்தைக் கிழிக்கச் சொன்னாயே துரை. கிழிக்கத்தான் எடுத்தேன். உன் ஜூன் 8 கடிதம் வந்த அன்று இரண்டு தடவை எடுத்தேன். இந்தக் கையில்தான் உன்னைத் தூக்கித் திரிந்தேன், இதே கையால் உன்னைக் காட்டிக்கொடுக்க எப்படி முடியும் என்று அழுதேன். ஆனால் 21ஆம் தேதிக்குப் பிறகு முடிந்தது.

26ஆம் தேதி ஒளிபரப்புப் புகார் வாரியத்துக்கும் சுகாதாரத் துறைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மே 12 கடிதத்தையும் ஜூன் 8 கடிதத்தையும் இணைத்திருக்கிறேன். ஜனவரியில் நீ தலையாட்டும் ரகசியத்தை எழுதியதையும், அதை நான் அப்பாவிடம் மறைத்ததையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன். மாத்திரையை யாரும் நிறுத்தக் கூடாது என்று எல்லா மாநிலத்திலும் உடனே சொல்ல வேண்டும் என்பதுதான் முதல் வேண்டுகோள். உன் வேலை போகும். அது தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி பேனாவைப் பிடித்துக்கொள்வார்.

கோபம் தணிந்தால் எழுது, தணியாவிட்டாலும் எழுது, நான் காத்துக்கொண்டிருப்பேன். ஆனால் எழுதும் முன் யோசித்துக்கொள். இனிமேல் நீ எழுதுவதைப் படிப்பது நான் மட்டுமாக இருக்காது.

உன் அக்கா